இன்விசிபிலிட்டியில் எத்தனை ஐ?

1991ஆம் ஆண்டின் முதல் பாதியில் நான் வாள்வீரனாக இருந்தேன். ஆடி பிறந்த பிறகு மந்திரவாதியாக மாறினேன். இரண்டு பாதியிலும் ஒரகடம் சாலையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபிட்டராகவும் இருந்தேன் என்பது உண்மைதான். ஆனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, என் சூப்பர்வைசர் உட்பட.

வாள், மந்திரம் எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கேன்டீனின் பின்பக்கம் கிடந்த தகர மேசையில். சாப்பிடச் சொல்லி ஒரு சங்கு ஊதும். வேலைக்குத் திரும்பச் சொல்லி அரை மணி கழித்து இன்னொரு சங்கு ஊதும். நான் பத்து நிமிடத்தில் சோற்றை விழுங்கிவிட்டு, மீதி இருபது நிமிடம் வீரனாக வாழ்ந்தேன்.

விளையாட்டுக்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். இருட்டுக் குகை, எதிரே கதவு, உள்ளே ஏதோ மூச்சு விடுகிறது என்பார். மற்றவர்கள் அவரவர் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைக் கட்டை உருட்டி முடிவு செய்வோம். கட்டை என்றால் நம் தாயக்கட்டை இல்லை. இருபது முகம் வைத்த பிளாஸ்டிக் உருண்டை, முகத்துக்கு ஒரு எண். ஒரு ஆட்டம் முடிந்தால் அடுத்த நாள் அதே கதை தொடரும். நம் ஆள் சாகாமல் இருக்கிற வரைக்கும் நிலை உயர்ந்துகொண்டே போகும். செத்தால் போச்சு, புது ஆளை வைத்துக்கொண்டு முதல் நிலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கதை சொன்னவர் எங்கள் ஸ்டோர் கீப்பர். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எங்களுக்கு அண்ணன், பி.காம். படித்தவர், ஆகவே எங்கள் பக்கத்தில் ஆங்கிலத்துக்கு அவர்தான் தாலுகா ஆபீஸ். அவருடைய மாமா கப்பலில் வேலை பார்த்தார். கப்பலில் எவனோ ஒரு வெள்ளைக்கார மாலுமி விட்டுப்போன ஜெராக்ஸ் கட்டு ஒன்றையும், ஒரு சுருக்குப் பை நிறைய விதவிதமான கட்டைகளையும் மாமா கொண்டுவந்து மருமகனிடம் கொடுத்தார். அதுதான் விதிப்புத்தகம். முதல் முப்பது பக்கம் இல்லை. எந்தப் புத்தகத்திலும் எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதை முதல் முப்பது பக்கத்தில்தான் எழுதுவார்கள். எங்கள் விதி அப்படி.

கதை சொல்கிறவரை அந்தப் புத்தகம் ஏதோ 'மாஸ்டர்' என்றது. எங்களுக்கு மாஸ்டர் என்றால் டீ மாஸ்டர். ஆட்டத்தை நடத்துகிறவர் என்பதால் நடத்துநர் என்று தமிழில் வைத்தோம். அன்றிலிருந்து அண்ணன் கதையை ஆரம்பிக்கும்போதெல்லாம், எங்களோடு ஆடிய வெல்டர் மேசையை இரண்டு தட்டு தட்டி, "ரைட், ரைட்!" என்பான்.

இந்த வெல்டர் பிள்ளைப்பாக்கத்துக்காரன், என் வயது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். விளையாட்டில் அவன் பூசாரி. பூசாரிக்கு ஒரு சாமி வேண்டும் என்றது புத்தகம். புத்தகத்தில் இருந்த வெளிநாட்டு சாமிகளைக் கும்பிட்டால் ஃபாதர் திட்டுவார் என்று அவன் மறுத்துவிட்டான்.

"எங்க வல்லக்கோட்டை முருகனை வெச்சிக்கடா. கேட்டா குடுப்பாரு" என்றார் கேன்டீன் அக்கா, டம்ளர் கழுவிக்கொண்டே.

"புஸ்தகத்துல முருகன் இல்லக்கா" என்றார் அண்ணன்.

"இல்லன்னா அது இன்னா புஸ்தகம்?"

கடைசியில் 'மேலே இருக்கிறவர்' என்று பொதுவாக எழுதிக்கொண்டார்கள். யாருக்கும் வருத்தமில்லை.

அக்கா எங்களோடு சேர்ந்ததே ஒரு கதவால்தான். முதலில் நாங்கள் மூன்று பேர்தான். ஒருநாள் மேசை துடைக்க வந்தவர், "அந்தக் கதவைத் தொறக்காத. உள்ள மூச்சு வுடுதுன்னு அவரே சொல்றாரு, நீ இன்னாத்துக்குத் தொறக்கற?" என்றார். நாங்கள் திறந்தோம். நானும் வெல்டரும் செத்தோம். மறுநாள் அக்காவுக்கு ஒரு ஸ்டூல் போட்டோம். அவர் கோடாலி வைத்த ஒரு குள்ளனை எடுத்துக்கொண்டார்.

அப்புறம் நான் வாள்வீரனோடு ஆரம்பித்தேன். இவன் சாகவில்லை. தை மாதம் முதல் நிலையில் இருந்தவன் ஆனி முடிவதற்குள் ஏழாம் நிலைக்கு வந்துவிட்டான். தொழிற்சாலையில் என்னை எல்லாரும் டீ வாங்கிவர அனுப்புவார்கள். வீட்டில், தண்ணி லாரி வந்தால் குடத்தோடு அனுப்புவார்கள். என் ஆள் ஒருவன்தான் மேலே போனான். அவன் வாங்கியதுதான் அதுவரை என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மொத்தப் பதவி உயர்வும். அவன் செத்துவிடக் கூடாது என்று நான் எவ்வளவு கவலைப்பட்டேன் என்று சொன்னால் இப்போதுகூட என் மனைவி என்னைப் பார்க்கிற பார்வை சரியாக இருக்காது.

அப்படிப்பட்டவனை எதற்கு மந்திரவாதியாக மாற்றினாய் என்றால், காரணம் கேவலமானது. எங்கள் தொழிற்சாலையில் ஃபிட்டர் என்றால் முழங்கை வரை கிரீஸ். எலக்ட்ரீஷியன் சட்டைப்பையில் ஒரு டெஸ்டரைச் சொருகிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உலாவுவான். ஸ்பானர் இல்லை, சுத்தி இல்லை. மெஷின் முன்னால் நின்று, "ம்ம்" என்பான், அது ஓடும். புத்தகத்தில் நீளத் தொப்பியோடு வெறுங்கையை நீட்டிக்கொண்டு நின்ற மந்திரவாதி படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த எலக்ட்ரீஷியன்தான் ஞாபகம் வந்தான். எத்தனை நாளைக்குத்தான் வெட்டுவது?

ஒரு தொழிலோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேட்டேன். அண்ணன் ஜெராக்ஸைப் புரட்டி, தொழிலுக்குப் புத்தகத்தில் 'கிளாஸ்' என்றுதான் போட்டிருக்கிறது, ஒரே ஆள் இரண்டு வகுப்பில் இருக்கலாம் என்றார். ஒரே வகுப்பில் இரண்டு வருடம் படித்தவன் நான். ஒரே வருடத்தில் இரண்டு வகுப்பு என்றதும் மயங்கிவிட்டேன்.

"ஆடி மாசத்துல எவனாவது புதுசா ஒண்ணு ஆரம்பிப்பானா?" என்றார் அக்கா.

ஆரம்பித்தேன்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வர வேண்டும். மந்திரவாதி 'ஸ்பெல்' கற்றுக்கொள்ள வேண்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது. அண்ணனுக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. எங்கள் யாருக்குமே வரவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து, "எங்க, ஸ்பெல் பண்ணு" என்று பிரம்போடு கேட்கப்பட்டவர்கள் நாங்கள். ஸ்பெல் என்றால் எழுத்துக்கூட்டுவது. மந்திரவாதி ஒரு சொல்லைத் தப்பில்லாமல் எழுத்துக்கூட்டிச் சொன்னால் அந்தச் சொல் நடந்துவிடும். இதில் நம்ப முடியாதது என்ன இருக்கிறது? கத்திக்கு முன்னால் எதற்கு ஒரு 'கே' நிற்கிறது என்று எங்களுக்கு எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. கேட்டால் அடித்தார்கள். ஆங்கில ஸ்பெல்லிங் ஒரு பில்லிசூனியம் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். புத்தகம் அதை ஒப்புக்கொண்டதில் எங்களுக்கு ஒரு திருப்திதான்.

அண்ணன் எனக்கு விதிகளை விளக்கினார்.

"இதோ பாரு தம்பி. வாள்ல நீ ஏழாம் நிலை. மந்திரத்துல முதல் நிலை. ஏழும் ஒண்ணும் எட்டு, எட்டாம் நிலை ஸ்பெல்லிங் குடுன்னு வந்து நிக்கக் கூடாது. கத்துக்கறதுக்கு அந்த ஒண்ணு மட்டும்தான் செல்லும். ஏழு வருஷ ஃபிட்டர் எலக்ட்ரிக்கலுக்குப் போனா மொத நாள் என்ன?"

"ஹெல்பர்" என்றேன்.

"அதான். ரெண்டாவது, மந்திரம் கத்துக்கினு இருக்கும்போது வாளைத் தொட்டா அன்னிக்குச் சம்பாதிச்ச அனுபவம் பூரா கேன்சல். பழைய தொழிலை நம்பிக்கினு இருக்கறவன் புதுசைக் கத்துக்க மாட்டான்னு எழுதியிருக்கான்."

வாளைக் கழற்றி அக்காவின் குள்ளனிடம் தூக்கக் கொடுத்தேன். "எனக்கு இன்னா, கூலியா?" என்றார் அக்கா. ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

புது ஸ்பெல்லிங் சும்மா வராது. எங்காவது குகையில் பழைய ஓலையோ, செத்த மந்திரவாதியின் நோட்டோ கிடைக்க வேண்டும். அதைப் பார்த்து என் நோட்டில் எழுத வேண்டும். அப்புறம் அது தலையில் ஏறியதா என்று கட்டை உருட்ட வேண்டும். ஏறவில்லையென்றால் அடுத்த நிலை வரும்வரை அந்தச் சொல்லைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏறுகிற வாய்ப்பு ஆளின் மூளையைப் பொறுத்தது. நான் முதலில் ஆளை உண்டாக்கும்போது, வாள்வீரனுக்கு மூளை எதற்கு என்று, விழுந்த எண்களிலேயே சின்ன எண்ணை மூளைக்கு ஒதுக்கியிருந்தேன். அண்ணன் கணக்குப் போட்டு, நூற்றுக்கு முப்பத்தைந்து, அதற்குள் விழுந்தால்தான் ஏறும் என்றார். முப்பத்தைந்து எனக்கு அன்னியமான எண் இல்லை. பத்தாவதில் அதைத்தான் துரத்திக்கொண்டிருந்தேன்.

வெல்டருக்கு இதெல்லாம் எதுவும் இல்லை. அவன் பூசாரி. காலையில் எழுந்து மேலே இருக்கிறவரிடம் கேட்டால் அன்றைக்குத் தேவையான மூன்று வித்தைகள் வந்துவிடும். நோட்டு கிடையாது, எழுத்துக்கூட்டுவது கிடையாது.

"நீ எழுதி எழுதி சாவு மச்சி. எனக்கு சிபாரிசு கீது" என்பான்.

என் முதல் ஸ்பெல்லிங், 'லைட்'. வித்தையைப் போட நோட்டைப் பார்க்காமல் வாய்விட்டு எழுத்துக்கூட்ட வேண்டும். அதுவும் அக்கா ஒரு டீயை ஒரு தடவை தூக்கி ஆற்றி முடிப்பதற்குள். இது அண்ணன் வைத்த நேரக்கணக்கு. அக்கா டம்ளரைத் தூக்கினார்.

"எல், ஐ, டி, இ!" என்றேன் கம்பீரமாக.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "நடுவுல ஒரு ஜி, ஒரு எச் எங்க?"

"அது ரெண்டும் சத்தமே போடறதில்லையேண்ணா."

"சத்தம் போடலன்னா? நம்ம கம்பெனியில சத்தமே போடாம, வேலையும் செய்யாம எத்தினி பேரு உக்காந்திருக்கான்? அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பேரைக் கூப்பிடணுமா இல்லையா? குகையில வெளிச்சம் வருது. மங்கலா."

"லோ வோல்டேஜ்" என்றான் வெல்டர்.

புரட்டாசியில் ஒரு செத்த மந்திரவாதியின் நோட்டு கிடைத்தது. அதில் ஒரே ஒரு ஸ்பெல்லிங் படிக்கிற நிலையில் இருந்தது: இன்விசிபிலிட்டி. ஆள் மறைந்துபோகிற வித்தை. நூறு வரை எண்ணுவதற்கான பத்து முகக் கட்டை இரண்டையும் சேர்த்து உருட்டினேன், முப்பத்து நான்கு விழுந்தது. பாஸ். தலையில் ஏறிவிட்டது, அதாவது என் ஆளின் தலையில். என் தலையில் ஏற்றுவது தனி வேலையாக இருந்தது. பன்னிரண்டு எழுத்து, அதில் ஐ மட்டும் ஐந்து. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் ஒரு ஐ, வேலிக்கால் மாதிரி. மெஷின் ஓடும்போதெல்லாம் ஜாப் கார்டின் பின்பக்கத்தில் இம்போசிஷன் எழுதினேன். ஒருநாள் சூப்பர்வைசர் அந்தக் கார்டை எடுத்து, பத்து வரி இன்விசிபிலிட்டியைப் படித்துவிட்டு, "இது எந்த மெஷின்லப்பா கம்ப்ளெயிண்ட்டு?" என்றார்.

"மெஷின் இல்ல சார். ஹெல்பர். காலையிலேருந்து காணல" என்றேன்.

அவர் போய் ஹெல்பரைத் தேட ஆரம்பித்தார். ஹெல்பர் பாவம், எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.

அந்த வித்தை தேவைப்பட்ட நாள் வந்தது. நாங்கள் மண்ணுக்குக் கீழே ஒரு பாழடைந்த கோட்டையில் இருந்தோம். வெளியேற ஒரே வாசல், வாசலில் ஒரு பூதம். அக்காவின் குள்ளன் அடி வாங்கி மயக்கமாகிக் கிடந்தான். வெல்டரின் பூசாரி அன்றைய மூன்று வித்தைகளையும் தீர்த்துவிட்டு, மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என் ஆளுக்கு மீதி இருந்த உயிர் மூன்று புள்ளி. பூதத்தின் ஒரு அடி குறைந்தது ஐந்து. நான் இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் செத்தேன்.

"சங்கு ஊத நாலு நிமிஷம் இருக்கு. பூதம் கையைத் தூக்குது. என்ன பண்ற?" என்றார் அண்ணன்.

"மறையறேன்."

"ஸ்பெல்லிங் சொல்லு. அக்கா, டீ."

அக்கா எனக்கு வேண்டியவர். டீயைத் தோளுக்கு மேலே தூக்கி, நூல் மாதிரி இறக்கினார். அவ்வளவு நீளமான டீயை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை.

"ஐ, என், வி, ஐ, எஸ், ஐ, பி, ஐ, எல், டி, ஒய்!"

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

"பதினொண்ணுதான் வந்துச்சு. எல்லுக்கும் டிக்கும் நடுவுல ஒரு ஐ விட்டுட்ட."

"மீதி நாலு ஐ சொன்னேனேண்ணா!"

"அதனால பெரும்பாலும் மறைஞ்சுட்ட. பன்னெண்டுல பதினொரு பங்கு."

"மீதி ஒரு பங்கு?"

"நீ எதை விட்ட?"

"ஐ."

அண்ணன் ஆள்காட்டி விரலால் தன் கீழிமையை இழுத்துக் காட்டினார். "அப்ப ஐதான் தெரியும்."

வெல்டர் ஸ்டூலிலிருந்து விழுந்தான். நான் இதை அலங்காரமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே விழுந்தான், பக்கத்திலிருந்த வாளியும் விழுந்தது.

ஆக, என் ஏழாம் நிலை வாள்வீரன், இரண்டாம் நிலை மந்திரவாதி, கோட்டை வாசலில் ஒற்றைக் கண்ணாக அந்தரத்தில் தொங்கினான். பூதம் பார்க்கிறது என்றார் அண்ணன். எதிரே ஒரு கண். கண் இருந்தால் பக்கத்தில் தலை இருக்கும் என்று யோசிக்க ஆரம்பிக்கிறது என்றார். அந்தப் பூதத்துக்கு என்னைவிட மூளை அதிகம்.

அக்கா டீ டம்ளரை மேசையில் வைத்தார். "அது ஓடிப்பூடும்."

"உங்க ஆளு மயக்கத்துல இருக்கான்க்கா. பேசக் கூடாது" என்றார் அண்ணன்.

"என் ஆளா பேசினான்? நான் பேசறேன். டீ குடுக்கறவ பேசக் கூடாதுன்னு புஸ்தகத்துல போட்டுகீதா?"

போட்டிருக்கவில்லை.

"ஒத்தைக் கண்ணு அந்தரத்துல நின்னு உத்துப் பாத்தா அதுக்குப் பேரு இன்னா? திருஷ்டி. பூதம் ஓடிப்பூடும்."

"அது வெளிநாட்டு பூதம்க்கா. அதுக்குத் திருஷ்டியெல்லாம் தெரியாது."

"ஏன் தெரியாது? புதுசா கட்ற வூட்டு வாசல்ல இன்னாத்த மாட்றாங்க? பூத மூஞ்சி. ஊருல போறவன் வர்றவன் கண்ணையெல்லாம் யாரு வாங்கிக்கினு நிக்கறது? பூதம். வெயில்ல, மழையில, வருஷக்கணக்கா. அதுங்க ஜாதிக்கே கண்ணுன்னா நொந்துபோயிருக்கும். அதுவும் ஒடம்பே இல்லாத கண்ணு! உன் மூஞ்சிக்கு நேரா வந்தா நீ நிப்பியா?"

அண்ணன் யோசித்தார். அவர் ஸ்டோரில் சீட்டு இல்லாமல் ஒரு நட்டுகூட வெளியே போகாது. ஆனால் நியாயமான ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டால் அவரால் மறுக்க முடியாது. அதுதான் அவருடைய பலவீனம்.

"பதினைஞ்சோ அதுக்கு மேலயோ விழுந்தா ஓடுது. விழலன்னா அடிக்குது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கண்ணு என்ன பண்ணுது?"

"கண்ணு வைக்குதுண்ணா" என்றேன்.

கட்டையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக் குலுக்கினேன். வெல்டர் மேலே இருக்கிறவரிடம் ஏதோ சிபாரிசு செய்தான். கட்டை டீ டம்ளரில் முட்டி, திரும்பி, பதினாறில் நின்றது.

சங்கு ஊதியது. நான் பிரஸ் ஷாப் வரைக்கும் ஓடினேன், நடக்க முடியவில்லை. அன்று மதியம் நான்கு போல்ட்டைத் தப்பான பக்கம் திருகினேன். சூப்பர்வைசர் திட்டியது காதில் விழவேயில்லை. என் ஆள் உயிரோடு இருந்தான்.

அந்தச் சந்தோஷம் மூன்று நாள்.

நான்காவது நாள் அண்ணன் மேசைக்கு ஒரு தடித்த அகராதியோடு வந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அவருடைய முகம், ஸ்டாக்கில் பேரிங் குறைந்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது.

"இன்விசிபிலிட்டிக்கு ஐ சரியா அஞ்சுதானான்னு பாக்கலாம்னு எடுத்தேன். அப்படியே ஸ்பெல்லுன்ற சொல்லையும் பாத்தேன்." அகராதியில் விரலை வைத்தார். "அதுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கு. மந்திரம்."

"அதான் தெரியுமேண்ணா" என்றேன்.

"இல்லடா. நேராவே மந்திரம். எழுத்துக்கூட்டறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மந்திரவாதி கத்துக்கறது மந்திரத்தை. வாயில சொன்னா போதும்."

வெல்டர் வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு மெதுவாகக் கேட்டான்: "அப்ப இத்தினி நாளா இவன் டிக்டேஷனா எழுதிக்கினு இருந்தான்?"

அவன் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. நானும் சிரித்தேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"விஷயம் அதில்ல. சரியான விதிப்படி அன்னிக்கு நீ முழுசா மறைஞ்சிருக்கணும். முழுசா மறைஞ்சா கண்ணு தெரியாது. கண்ணு தெரியலன்னா பூதம் பயப்படாது." தன் நோட்டைத் திறந்து காட்டினார். பூதத்தின் படத்துக்குக் கீழே, 'மோப்பம் பிடிக்கும், மிக நல்ல மூக்கு' என்று எழுதியிருந்தது. "மூக்காலயே உன்னைக் கண்டுபிடிச்சு அடிச்சிருக்கும்."

"அடிச்சிருந்தா?"

"செத்துட்ட."

நான் என் வாழ்க்கையில் ஆங்கில ஸ்பெல்லிங்குக்கு ஆதரவாகப் பேசிய ஒரே நாள் அது. எழுத்துக்கூட்டுவது ஒழுக்கம் என்றேன். பிழையில்லாமல் எழுதத் தெரியாதவன் கையில் மந்திரம் போனால் நாடு என்னாகும் என்றேன். ஜி, எச் போன்ற எளிய எழுத்துகளின் உரிமையைப் பற்றியும் பேசினேன். கோடு போட்ட நோட்டில் நாற்பது பக்கம் எழுதியவனின் உழைப்பு இருக்கிறது என்றேன். பழைய விதியே இருக்கட்டும் என்று முடித்தேன். வெல்டர்கூடக் கை தட்டினான்.

அப்போதுதான் அக்கா கேட்டார்.

"அப்ப ஸ்பெல்லிங் தெரியாதவங்களும் அந்தத் தொப்பிக்காரன் ஆவலாமா?"

"ஆகலாம்க்கா" என்றார் அண்ணன்.

"மொத நாளே எனக்கு அவந்தான் புடிச்சிருந்துது. ஸ்பெல்லிங் வோணும்னீங்க. நான் அஞ்சாவதோட நின்னவ, எனக்கு ஏ பி சி டியே பாதி தூரம்தான். அதான் பேசாம கோடாலிய எடுத்துக்கினேன்." இதை வருத்தமாகச் சொல்லவில்லை. சாம்பார் தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னார்.

நான் நல்லவனாக இருந்திருந்தால் அந்த நொடியே ஏதாவது சொல்லியிருப்பேன். நான் டீ குடித்தேன். சரியான விதி வந்தால் அக்காவுக்குத் தொப்பி, எனக்குப் பாடை. தப்பான விதி இருந்தால் நான் உயிரோடு, அக்கா கோடாலியோடு. டீ தீர்ந்துவிட்டது. காலி டம்ளரைக் கொஞ்ச நேரம் குடித்துப் பார்த்தேன்.

"சரிண்ணா. நான் செத்துட்டேன்னே வெச்சுக்குங்க" என்றேன்.

இதைத் தியாகி மாதிரி, குரலை இறக்கிச் சொன்னேன். சொல்லும்போதே யாராவது தடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை.

"அவன் பூட்ஸ் எனக்கு" என்றான் வெல்டர்.

அண்ணன் அவனைப் பார்த்தார். ஏதோ தோன்றிய மாதிரி அகராதியை மூடினார்.

"டேய், உன் ஷாப்புல ஒரு பீஸுக்கு டிராயிங் மாறிடுச்சுன்னு வை. ஏற்கெனவே வெல்டிங் அடிச்சு முடிச்ச பீஸை என்ன பண்ணுவ?"

"பழைய டிராயிங்படி செக் பண்ணி பாஸ் போட்டு அனுப்பிடுவோம். புது டிராயிங் அடுத்த பீஸ்லேருந்து."

"பழைய பீஸையெல்லாம் உடைப்பியா?"

"உடைச்சா சூப்பர்வைசர் என்னை உடைப்பாரு."

"அவ்ளோதான். அன்னிக்கு நடந்தது பழைய டிராயிங். இவன் பழைய டிராயிங் பீஸ். புது விதி இன்னிலேருந்து."

என் ஆளின் குறிப்புத் தாளை இழுத்து, பேனாவால் 'பழைய டிராயிங், பாஸ்' என்று எழுதி, சட்டைப்பையிலிருந்து ஸ்டோர் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து ஊதிக் குத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாம்பார் காரம் என்றேன். அன்றைக்கு மோர்க்குழம்பு.

அன்றே அக்கா இரண்டாவது வகுப்பில் சேர்ந்தார். எனக்குச் சொன்ன அதே விதிகள்தான்: முதல் நிலை, கோடாலியைத் தொடக் கூடாது, கற்றுக்கொள்ளக் கட்டை உருட்ட வேண்டும். குள்ளனின் மூளை என்ன எண் என்று அண்ணன் தாளைப் பார்த்தார். பதினெட்டு. மூளைக்கு அதற்கு மேல் எண்ணே கிடையாது.

"கோடாலி புடிக்கறவனுக்குத்தானே மூளை வோணும்? இல்லன்னா கால்ல போட்டுக்குவான்" என்றார் அக்கா.

என் நோட்டிலிருந்த மூன்றையும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டார். எனக்கு நான்கு மாதம் எடுத்த வேலை. நான் எழுதி வைத்தும் கட்டை சரியாக விழாமல் தோற்றிருந்த தூக்க மந்திரத்தையும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த நாளே அதற்கு வேலை வந்தது. பூசாரி தன் வித்தையால் குள்ளனைத் தெளிய வைத்து, நாங்கள் கோட்டைப் படியேறிக்கொண்டிருந்தபோது பூதம் மனசு மாறித் திரும்பி வந்தது. நேராக என் ஆளிடம்தான் வந்தது. என் உயிர் இன்னும் அதே மூன்று புள்ளிதான்.

"அக்கா, தூக்கம்!" என்று கத்தினேன்.

"இன்னா சொல்லணும்?"

"எது வேணா சொல்லலாம்க்கா. மந்திரம் மாதிரி இருந்தா போதும்" என்றார் அண்ணன்.

அக்கா பூதத்தை, அதாவது அண்ணனை, ஒரு பார்வை பார்த்தார். "சாப்ட்டாச்சா? போய்ப் படு."

அண்ணன் கட்டையை உருட்டினார். பூதம் நின்றது, கொட்டாவி விட்டது, படியிலேயே சரிந்தது. வெல்டர் விசிலடித்தான். நான் எழுந்து நின்று அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

"நீ எதுக்கு எழுந்திரிக்கற? நீயும் தூங்கிட்ட" என்றார் அண்ணன். "மந்திரம் விழற ஆளைச் சுத்திப் பத்தடியில இருக்கற எல்லாரும் தூங்குவாங்கன்னு எழுதியிருக்கு. நீ மட்டும்தான் ரெண்டடியில நிக்கற."

"நம்ம ஆளுன்னு தனியா வுடாதா?" என்றார் அக்கா.

"மந்திரத்துக்கு நம்ம ஆளு, வேத்தாளு தெரியாதுக்கா."

உலுக்கினார்கள், கிள்ளினார்கள், பூசாரி முகத்தில் தண்ணீர் அடித்தான். என் ஆள் பூதத்தின் கைமேல் தலை வைத்துக் குறட்டை விட்டான். பூதம் விழிப்பதற்குள் வெளியேற வேண்டும். மேலே இன்னும் நாற்பது படி. தூக்கிக்கொண்டு போவதைத் தவிர வழி இல்லை.

"நான் காலைப் புடிக்கறேன். நீங்க தலையைப் புடிங்கக்கா" என்றான் வெல்டர்.

"குடுடா" என்றார் அக்கா. "அவன் ஒடம்புல அதான் லேசு."